குறைந்த சுழற்சியில் நிறைந்த ஓட்டம்

சைக்கிள் ஓட்டியறியாத மாணவர் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். சமதரையான நீண்ட சாலையில், பின்காற்றுத் துணைவர, விரைந்து செல்லும் வேளையை நினைத்துப் பாருங்கள். வண்டி போதிய வேகத்தில் ஓடுகிறது. மிதிகட்டையில் எதிர்ப்பு என்பதே இல்லை. ஆயினும் கால்கள் மட்டும் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. வலிமை செலவாகவில்லை, ஆனால் களைப்பு மிகுகிறது. பல கியர்கள் உள்ள சைக்கிளாயின், உடனே சங்கிலியைப் பின்னுள்ள சிறிய பற்சக்கரத்துக்கு மாற்றிவிடுவோம். அதே வேகம் நிலைத்திருக்கும், கால்கள் மெல்லச் சுற்றும், மூச்சும் சீராகும்.

மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கும் இத்தகைய வேளை வருவதுண்டு. அப்போது அதன் சுழற்சியைக் குறைத்து, வண்டியின் வேகத்தைக் குறைக்காமல் வைத்துக்கொள்ளும் துணைக் கருவியே ஓவர்டிரைவ் என்பது. இன்றைய வண்டிகளில் ஐந்தாம் கியரும் ஆறாம் கியரும் அந்தப் பணியைச் செய்துவிடுகின்றன. நான்கே கியர்களோடு பிறந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருப்பவருக்கோ, இதனைப் புதிதாகப் பொருத்துவதா, வேண்டாவா என்னும் கேள்வி எழுகிறது. இக்கேள்விக்குச் சரியான விடை காண்பது எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வோம். பௌதிகத்தில் நாம் கற்கும் சில விதிகள் அன்றாட வாழ்க்கையில் ஒரு முடிவெடுக்க எவ்வாறு துணைநிற்கின்றன என்பதும் அதனால் விளங்கும்.

எடுத்துக்காட்டுக்கு இங்கிலாந்து செல்வோம். அங்கே ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் இருவர் அமரும் சிறு விரைவு வண்டி உற்பத்தியாயிற்று. அவ்வகை வண்டிகள் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. இன்றும் பல்லாயிரம் வண்டிகள் ஓடுகின்றன. லண்டனில் வாழும் ஒருவருக்கு, அவருடைய தந்தை வைத்திருந்த 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி. வண்டி கிடைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். முதிய தாயார் வடக்கே லீட்ஸ் நகரில் தனியே வாழ்கிறார். மாதம் ஒருமுறை மகன் சென்று பார்த்துவர வேண்டும். எம்-1 என்னும் நெடுஞ்சாலை வழியே ஒருபுறம் ஏறத்தாழ 190 மைல். தந்தையின் வண்டியிலேயே போய்வர வேண்டும் என்பது மகனின் விருப்பம். அவ்வண்டியின் ஒலி கேட்டதும் வாயிலுக்கு வந்து நிற்பது தாயாரின் வழக்கம். ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் எஞ்சினின் இரைச்சல் தலையை வலிக்கச் செய்கிறது. வண்டி பாழாகிவிடுமோ என்னும் அச்சமும் உடன் வருகிறது. அவர் என்ன செய்வது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த வண்டியில் நான்காம் கியரை நேர்கியர் என்பர். அதில் எஞ்சின் தண்டும், கியர்ப் பெட்டியினின்று பின்னோக்கிச் செல்லும் தண்டும் ஒரே வேகத்தில் சுழலும். பின் அச்சிலுள்ள பற்சக்கரங்கள் அச்சுழற்சியை ஏறத்தாழ 3.9 பங்கு குறைத்துச் சக்கரங்களுக்கு அளிக்கும். இதன் பயனாக, எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 முறை சுழன்றால் வண்டி மணிக்குச் சுமார் 18 மைல் வேகத்தில் செல்லும். பிரிட்டிஷ் நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு 70 மைல், அதாவது ஏறத்தாழ 112 கிலோமீட்டர். அவ்வேகத்தில் செல்ல எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,900 முறை சுழல வேண்டும். அந்நிலையிலேயே மூன்று மணி நேரம் அது உழைக்க வேண்டும்.

வண்டியை வடிவமைத்தவர்கள் இதனை அறியாமலா செய்தார்கள்? அவர்கள் அறிந்தே செய்தார்கள். எம்-1 சாலையின் முதற்பகுதி திறக்கப்பட்டதே 1959 நவம்பரில்தான். வண்டி வெளிவந்த நாளில் இங்கிலாந்தின் சாலைகளில் பெரும்பாலானவை ஊர்களின் ஊடே வளைந்து வளைந்து செல்வன. மேடும் பள்ளமும் நிறைந்தவை. அத்தகைய சாலையில் லாரியொன்றைச் சட்டென முந்துவதற்கும், ஏற்றத்தில் கியர் மாற்றாமலே ஏறுவதற்கும், இழுவை மிகுந்த நேர்கியரே வேண்டும். அந்த ஓட்டத்துக்கு 3.9 என்னும் விகிதம் மிகப் பொருத்தம். பின்னாளில் சாலை மாறியது, வண்டி மாறவில்லை. நம் நண்பரின் தலைவலிக்கு வேர் இதுவே.

நெடிய ஓட்டத்தை விரும்பியவர்களுக்கென அன்றே ஒரு வழி இருந்தது. எட்கர் டி நார்மன்வில் என்பார் வகுத்த ஓவர்டிரைவ் அமைப்பை ஷெஃபீல்டு நகரத்து லேகாக் நிறுவனம் உற்பத்தி செய்தது. இருவர் பெயரையும் இணைத்து அதனை லேகாக் டி நார்மன்வில் ஓவர்டிரைவ் என்று வழங்கினர். 1950களிலும் 1960களிலும் வெளிவந்த பல பிரிட்டிஷ் வண்டிகளில் அது இடம்பெற்றது. 1953 மே மாதத்தில் பெல்ஜியம் நாட்டு ஜாபெக் நெடுஞ்சாலையில் டிரையம்ஃப் டி.ஆர்.2 என்னும் வண்டி மணிக்கு ஏறத்தாழ 125 மைல் வேகத்தை எட்டிக் காட்டியபோது, அதிலும் ஓவர்டிரைவ் இருந்தது. எம்.ஜி.பி. வண்டிக்கும், கூடுதல் விலை கொடுக்க முன்வந்தவர்களுக்குத் தொழிற்சாலையே அதனைப் பொருத்திக் கொடுத்தது. நம் நண்பரின் தந்தையார் வாங்கும்போது அச்செலவைச் செய்யவில்லை, அவ்வளவே.

இனி இக்கருவி வேலை செய்யும் முறையைக் காண்போம். கியர்ப் பெட்டியின் பின்புறத்தில், ஒரு சிறு கூட்டினுள் இது அமைந்திருக்கும். நடுவில் ஒரு பற்சக்கரம். அதற்குச் சூரியச் சக்கரம் என்று பெயர். அதனைச் சுற்றிலும் மூன்று சிறு பற்சக்கரங்கள், இவை கோட்சக்கரங்கள். இவற்றையெல்லாம் சூழ்ந்து, உட்புறத்தில் பற்கள் வெட்டிய பெரிய வளையச் சக்கரம் ஒன்று உள்ளது. கோட்சக்கரங்களை ஏந்தி நிற்கும் சட்டத்தை எஞ்சினின் பக்கத்திலிருந்து வரும் தண்டு சுழற்றுகிறது. வளையச் சக்கரம் பின் அச்சுக்குச் செல்லும் தண்டைச் சுழற்றுகிறது.

சூரியச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏந்தும் சட்டம் சுற்றும்போது கோட்சக்கரங்கள் சூரியச் சக்கரத்தின்மேல் உருண்டு செல்லும். அவை இடம் பெயர்வதோடு தம்மைத் தாமேயும் சுற்றிக்கொள்ளும். ஆகவே வளையச் சக்கரம் சட்டத்தின் சுற்றையும் பெறுகிறது. கோட்சக்கரங்களின் உருளலால் ஒரு கூடுதல் உந்தலையும் பெறுகிறது. எடுத்துக்காட்டாக, சூரியச் சக்கரத்தில் 20 பற்களும் வளையத்தில் 80 பற்களும் இருந்தால், சட்டம் ஒருமுறை சுற்றுவதற்குள் வளையம் ஒன்றேகால் முறை சுற்றிவிடும். அந்தக் கால் சுற்று 20-ஐ 80-ஆல் வகுத்துப் பெற்றது. இதனையே திருப்பிச் சொன்னால், பின் தண்டு ஒருமுறை சுற்ற எஞ்சின் 0.8 முறை சுற்றினால் போதும். நம் எடுத்துக்காட்டு வண்டிக்குரிய ஓவர்டிரைவின் விகிதமும் ஏறத்தாழ இதுவே. நுட்பமாகச் சொன்னால் 0.802.

சூரியச் சக்கரத்தைப் பிடிப்பதும் விடுவதும் எங்ஙனம்? அதனோடு கூம்பு வடிவான கிளட்ச் ஒன்று இணைந்துள்ளது. சாதாரண நிலையில் வலிய சுருள்வில்கள் அதனை வளையச் சக்கரத்தோடு சேர்த்து அழுத்துகின்றன. அப்போது சூரியச் சக்கரம், கோட்சக்கரங்கள், வளையம் எல்லாம் ஒன்றாய்ப் பூட்டப்பட்டு ஒரே கட்டியாகச் சுழலும். விகிதத்தில் மாற்றம் இராது. சைக்கிளின் பின்சக்கரத்திலுள்ள ஃப்ரீவீல் போன்று ஒருபக்கமாக மட்டும் பற்றும் உருளைப் பூட்டு ஒன்று எஞ்சினின் முன்னோக்கிய விசையை ஏற்றுக் கடத்துகிறது. ஓட்டுநர் ஒரு சிறு சுவிட்சைத் தட்டியதும், மின்காந்தம் ஒரு வால்வைத் திறக்கிறது. உள்ளிருக்கும் பம்பு மிகுந்த அழுத்தத்தோடு எண்ணெயை இரு பிஸ்டன்களுக்கு அனுப்ப, அவை கூம்பை வளையத்தினின்று பிரித்து, அசையாத வெளிக்கூட்டின் தடுப்பு வளையத்தோடு அழுத்திப் பிடிக்கின்றன. சூரியச் சக்கரம் நின்றுவிடுகிறது. மறுகணம் எஞ்சினின் ஓசை தணிகிறது. இதற்குக் கிளட்ச் மிதியை அழுத்தவும் வேண்டியதில்லை.

பின்னோக்கிச் செல்லும்போது ஓவர்டிரைவ் சேர்ந்திருந்தால் அந்த உருளைப் பூட்டு சிதைந்துவிடும். ஆகையால் மேற்கியர்களில் மட்டுமே மின்னோட்டம் செல்லுமாறு கியர்ப் பெட்டியில் ஒரு காவல் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். இதனைப் பொருத்துவோர் அந்தக் காவலைப் புறக்கணித்தலாகாது.

இப்போது பயனை அளந்து பார்ப்போம். ஓவர்டிரைவில் 1,000 சுழற்சிக்கு மணிக்கு 22 மைலுக்குச் சற்று மேற்பட்ட வேகம் கிடைக்கும். மணிக்கு 70 மைல் செல்கையில் எஞ்சின் 3,900-க்குப் பதிலாக ஏறத்தாழ 3,130 முறையே சுழலும். லீட்ஸ் வரையுள்ள 190 மைலையும் நேர்கியரிலே கடந்தால் எஞ்சின் ஏறத்தாழ 6,37,000 முறை சுழல வேண்டும்; ஓவர்டிரைவில் ஏறத்தாழ 5,11,000 முறை போதும். ஒரு வழிக்கு மட்டும் 1,26,000 சுழற்சிகள் மிஞ்சுகின்றன.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடி ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்புகிறது. அவ்வாறு திரும்பும்போது இணைப்புத் தண்டின்மேல் விழும் நிலைம விசை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். சுழற்சி 0.8 பங்காகக் குறைந்தால், விசை 0.64 பங்காகக் குறையும். சுழற்சியைக் குறைத்தது ஐந்தில் ஒரு பங்கு. விசை குறைந்ததோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எஞ்சினின் நீண்ட ஆயுளுக்கும், ஓட்டுநரின் செவிக்கும் இது நன்மையே. மேலும், இவ்வண்டியின் எஞ்சின் தன் உச்சமான திருப்புவிசையைத் தருவது நிமிடத்துக்கு 3,000 சுழற்சி அளவில். 70 மைல் வேகத்தில் ஓவர்டிரைவ் எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்துவதும் அதனருகிலேயே.

ஆனால் இயற்கை எதனையும் விலையின்றித் தருவதில்லை. ஓவர்டிரைவ் எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுவதன்று. சக்கரங்களைச் சென்றடையும் திருப்புவிசை அதே அளவில், ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே ஏற்றத்திலும், எதிர்காற்றிலும், முந்திச் செல்லும்போதும் வண்டி சோர்ந்து தோன்றும். அப்போது சுவிட்சைத் தட்டி நேர்கியருக்குத் திரும்பிவிட வேண்டும். மெல்லிய வேகத்தில் ஓவர்டிரைவைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை முக்க வைப்பது, அதனை விரைந்து ஓடவைப்பதைப் போலவே தீங்கானது.

எரிபொருள் மிச்சமாகும் என்பது பலருடைய முதல் எண்ணம். அதனையும் கணக்கிட்டுப் பார்ப்பதே நலம். ஒரே வேகத்தில் செல்லும் வண்டியைக் காற்று ஒரே அளவில்தான் எதிர்க்கிறது. ஆகையால் தேவையான ஆற்றல் மாறுவதில்லை. எஞ்சினின் உள்உராய்வும், காற்றை உறிஞ்சுவதிலுள்ள இழப்பும் குறைவதனாலேயே சிறிது மிச்சமாகும். ஒரு காலனுக்கு 28 மைல் ஓடிய வண்டி, 31 மைல் ஓடுவதாகக் கொள்வோம். நம் நண்பர் மாதம் ஒருமுறை போய்வந்தால் ஆண்டுக்கு 4,560 மைல். மிச்சமாவது ஏறத்தாழ 16 காலன். எழுபது லிட்டரைச் சற்றே கடக்கும் அளவு. பொருத்தும் செலவை இம்மிச்சத்தால் ஈடுசெய்யப் பல்லாண்டு காத்திருக்க வேண்டும். பணத்தைச் சேமிக்க ஓவர்டிரைவ் வாங்குகிறேன் என்பவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்.

செலவு என்பதும் கருவியின் விலையோடு நிற்பதில்லை. இவ்வண்டியின் சாதாரணக் கியர்ப் பெட்டியினுள் இருக்கும் முதன்மைத் தண்டு வேறு. ஓவர்டிரைவ் உள்ள பெட்டியின் தண்டு வேறு. எனவே பழைய பெட்டியின் பின்னே புதிய கருவியை மட்டும் ஒட்டவைக்க இயலாது. முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும். பெட்டியை வெளியே எடுக்க எஞ்சினையும் சேர்த்து எடுப்பதே இவ்வண்டியில் வழக்கம். வேகமானியும் புதிய பெட்டிக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். இன்று கிடைக்கும் கருவிகள் பெரும்பாலும் பழைய வண்டிகளினின்று எடுத்துப் புதுக்கப்பட்டவை. ஆதலின் புதுக்கியவரின் நேர்மையும் திறமையும் மிக இன்றியமையாதவை.

வேறு வழிகளும் உண்டு. பின் அச்சின் விகிதத்தையே மாற்றலாம். அதில் ஒரு குறை: நான்காம் கியரோடு முதற் கியரும் சேர்ந்து உயர்ந்துவிடும், ஏற்றத்தில் நின்று புறப்படும்போது கிளட்ச் துன்புறும். ஃபோர்டு சியரா போன்ற பிற்கால வண்டியின் ஐந்து கியர்ப் பெட்டியைப் பொருத்துவோரும் உளர். அது உறுதியானது, ஆயினும் அந்த வண்டியின் காலத்துக்கு அந்நியமானது. ஓவர்டிரைவோ அவ்வண்டியோடு உடன்பிறந்தது. வண்டியை ஒரு வரலாற்றுப் பொருளாக மதிப்போர் அதனைக் குறை கூறமாட்டார். எவ்வழியைப் பின்பற்றினாலும், கழற்றிய பழைய பெட்டியை எண்ணெய் தடவிச் சுற்றிப் பத்திரப்படுத்தி வைத்தல் அறிவுடைமை. பின்வரும் ஒருவர் வண்டியைப் பழைய நிலைக்குக் கொணர விரும்பினால், அவருக்கு அந்த வாய்ப்பு எஞ்சியிருக்கும்.

அப்படியாயின் முடிவு செய்வது எப்படி? முதலில் வண்டியின் உடல்நலத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் அழுத்தம் குறைந்து, பிரேக்குகள் தேய்ந்து, டயர்கள் வயதாகியிருக்கும் வண்டிக்கு ஓவர்டிரைவ் வாங்குவது, நோயாளிக்கு மருந்து வாங்கும் பணத்தில் பட்டாடை வாங்குவதை ஒக்கும். தேய்ந்த எஞ்சினை ஓவர்டிரைவ் குணப்படுத்தாது. துணிக்கூரையில் மோதும் காற்றின் ஓசையையும், ஓட்டை விழுந்த புகைக்குழாயின் ஓசையையும் அது அடக்காது. தலைவலிக்குக் காரணம் எஞ்சினின் சுழற்சிதானா என்பதை முன்னதாகவே தெளிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, இரண்டு மாத காலம் ஒரு சிறு குறிப்பேட்டை வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் மணிக்கு 50 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில், நிறுத்தமின்றிச் சென்ற தொலைவு எவ்வளவு என்று குறிக்க வேண்டும். ஓவர்டிரைவுக்கு உண்மையில் வேலை இருப்பது அந்தத் தொலைவில் மட்டுமே. யார்க்ஷயர் குன்றுகளிடையே ஞாயிற்றுக்கிழமை தோறும் இருபது மைல் உலா வருகின்ற ஒருவரின் குறிப்பேட்டில் அப்பத்தி ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். அவருக்கு ஓவர்டிரைவ் வேண்டாம். மூன்றாம் கியரும் நான்காம் கியருமே அவருடைய சாலைக்கு ஏற்றவை. அந்தச் சாலைகளுக்கென்றே அவை வகுக்கப்பட்டன. நண்பர்கள் வைத்திருக்கிறார்களே என்பதற்காக அவரும் வாங்கினால், பணமும் போய், இயல்பாக இருந்த ஒரு பழைய வண்டியும் மாறிப்போகும்.

நம் லண்டன் நண்பரின் குறிப்பேடோ வேறு கதை சொல்லும். ஒவ்வொரு மாதமும் 380 மைல். அதில் பெரும்பகுதி நெடுஞ்சாலை. அவரது எஞ்சின் நலமாக இருந்து, பிரேக்குகளும் செம்மையாக இருக்குமானால், ஓவர்டிரைவ் பொருத்திக்கொள்வது தக்கதே. எரிபொருளால் அவருக்குக் கிடைப்பது சிறிது. பயணத்தின் முடிவில் களைப்பில்லாமல் இறங்குவதும், தந்தை விட்டுச்சென்ற எஞ்சின் மேலும் பல்லாண்டு உழைப்பதும் அவர் பெறும் பெரிய பயன்கள். ஓவர்டிரைவ் இல்லையெனில் அந்த வண்டி நாளடைவில் கொட்டகையில் போர்வை போர்த்தி நிற்கும். அவர் ரயிலில் போய்வருவார். இயந்திரத்தைக் காப்பதற்கு அதனை நிறுத்தி வைப்பது ஒரு வழி. நன்றாக ஓடுமாறு செய்வது மற்றொரு வழி. ஓடுவதற்கென்று செய்யப்பட்ட பொருளுக்கு இரண்டாவது வழியே பொருந்தும்.

மாணவ நண்பர்களே, இந்த ஒரு வண்டியைப் பற்றிய கேள்வியில் பல பாடங்கள் கலந்திருப்பதைக் கண்டீர்கள். பற்களை எண்ணுவது எளிய வகுத்தல் கணக்கு. நிலைம விசை பௌதிகம். எரிபொருள் மிச்சம் பொருளியல். சாலை மாறிய கதை வரலாறு. இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்த பின்னரே, ஒருவருக்கு ஆம் என்றும் மற்றொருவருக்கு வேண்டாம் என்றும் சொல்ல முடிந்தது. கருவி ஒன்றே, விடைகள் இரண்டு. விடையை வேறுபடுத்தியது அவரவர் செல்லும் சாலை. எந்தப் புதுக் கருவியைப் பற்றிக் கேட்டாலும், அது நல்லதா என்று கேட்பதற்கு முன்பு, நான் நாள்தோறும் செல்லும் சாலை எது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பின்பு கணக்கைத் தொடங்குங்கள்.